அந்தத் தேதியில் சட்டம் என்ன சொன்னது?

சென்னையில் சொத்து வழக்கு நடத்துகிற எந்த வக்கீலிடமும் போய் உட்காருங்கள், அவர் முதலில் கேட்பது தேதிகளைத்தான். அப்பா எப்போது இறந்தார், அக்காவுக்கு எந்த வருஷம் கல்யாணம் ஆனது, பாகப்பிரிவினைப் பத்திரம் எப்போது பதிவானது. பெரம்பூரில் ஒரு பூர்வீக வீடு இருக்கிறது, அதில் மகளுக்குப் பங்கு உண்டா என்று ஒரே ஒரு கேள்வி. அதற்கு 1956இல் ஒரு பதில், 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் வேறு பதில், 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க இன்னொரு பதில். தமிழ்நாட்டுத் திருத்தம் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு கொடுத்தது, ஆனால் அந்த மார்ச் 25க்கு முன்னால் கல்யாணமாகிப் போனவர்களை வெளியே விட்டுவிட்டது. 2005 திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. இன்றைக்குக் கடையில் இந்து வாரிசுரிமைச் சட்டம் என்று கேட்டு வாங்கினால், அதன் 6ஆம் பிரிவு 2005இல் முழுக்க மாற்றி எழுதப்பட்ட வடிவத்தில்தான் இருக்கும். 1970இல் இறந்த ஒருவரின் சொத்து அன்றைக்கு யார் யாருக்கு எப்படிப் போனது என்று பார்க்க வேண்டியவருக்கு அது உதவாது, அவருக்கு வேண்டியது பழைய 6ஆம் பிரிவு.

சட்டம் என்றால் இப்போது அமலில் இருப்பது மட்டும்தான் என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். கோர்ட்டுக்கு வருகிற விஷயங்களில் பெரும்பாலானவை நேற்று நடந்தவை, சில ஐம்பது அறுபது வருஷம் முன்னால் நடந்தவை. அன்றைக்கு எந்தச் சட்டம் இருந்ததோ அதை வைத்துத்தான் அவற்றைத் தீர்க்க முடியும். அரசியலமைப்பின் 20(1) பிரிவே, ஒரு செயலைச் செய்த நேரத்தில் அமலில் இருந்த சட்டப்படிதான் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியும், அப்போது இருந்த தண்டனைக்கு மேல் கொடுக்க முடியாது என்கிறது. 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் 6ஆம் பிரிவில், ஒரு சட்டத்தை ரத்து செய்தாலும் அதன் கீழ் ஏற்கெனவே உண்டான உரிமைகளும் கடமைகளும் தண்டனைகளும் போய்விடாது என்று சொல்லி வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, சரி. ஜூன் 30ஆம் தேதி ராத்திரி நடந்த குற்றத்துக்கு இன்னமும் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம்தான். அந்த வழக்குகள் மேல்முறையீடு வரை போய் முடிவதற்கு எத்தனையோ வருஷம் ஆகும், அதுவரை ரத்தான அந்தச் சட்டத்தை வக்கீல்கள் கையில் வைத்திருந்தே ஆக வேண்டும்.

அதனால்தான் ஒரு நாட்டின் சட்டங்களை வரலாற்று முறையில் தொகுத்து வெளியிடுவது, அதாவது ரத்தானதையும், திருத்தத்துக்கு முந்தைய வாசகத்தையும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அமலில் இருந்தது என்கிற விவரத்தோடு சேர்த்து எல்லோருக்கும் கிடைக்கும்படி வைப்பது, அரசின் அடிப்படை வேலைகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். நம் ஊரில் இது பாதிதான் நடந்திருக்கிறது. ஏன் பாதி, மீதி என்ன, அதைச் செய்வது ஏன் கஷ்டம் என்பதைத்தான் எழுத வந்தேன்.

கஷ்டம் எங்கே என்று புரிய ஒரு பக்கத்தைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். வ.உ.சிதம்பரனாருக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் 1908 ஜூலையில் திருநெல்வேலியில் தண்டனை விதித்தார் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே. சிவாவுக்கு 10 ஆண்டு தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்து நாடு கடத்துவது. வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள்காலத் தீவாந்தரம், 40 ஆண்டு என்று நாம் படித்தது அதைத்தான். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் குறைத்தது வேறு கதை. குற்றம் 124ஏ பிரிவின் கீழ் ராஜதுரோகம். இப்போது ஒரு கல்லூரி மாணவி இந்த வழக்கைப் பற்றி எழுத உட்காருகிறாள், 2020 வாக்கில் அச்சான தண்டனைச் சட்டப் புத்தகத்தை எடுத்து 124ஏ பக்கத்தைப் பிரிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருப்பது ஆயுள் சிறை, அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம். தீவாந்தரம் என்ற பேச்சே இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் போனால் நேரே ஆயுள்தான், நடுவில் ஒன்றும் கிடையாது. அப்படியானால் சிவாவுக்குப் 10 வருஷம் எங்கிருந்து வந்தது?

விடை அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பில், எறும்பு மாதிரி ஊர்கிற எழுத்தில் இருக்கிறது. 1908இல் இருந்த வாசகம் ஆயுளுக்கோ அதற்குக் குறைந்த எந்தக் காலத்துக்கோ நாடு கடத்தலாம் என்றது. அந்தக் 'குறைந்த எந்தக் காலத்துக்கோ' என்கிற இடத்தில்தான் சிவாவின் 10 வருஷம் உட்காருகிறது. 1955ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம் அதை எடுத்துவிட்டு ஆயுள் சிறை என்று போட்டது, 1956 ஜனவரி 1 முதல் அமல். அதே பக்கத்தில் இன்னும் சில அடிக்குறிப்புகள் உண்டு. மாட்சிமை தங்கிய ராணி மேல் அதிருப்தி என்று இருந்த இடத்தில் 1937இல் 'கிரவுன் ரெப்ரசன்டேட்டிவ்', அதாவது முடியாட்சியின் பிரதிநிதி, என்று ஒரு ஆளைச் சேர்த்தார்கள், 1948இல் அவரை எடுத்தார்கள், 1950இல் மகாராணியையும் எடுத்தார்கள். இந்த 124ஏ பிரிவே 1860இல் நிறைவேறிய சட்டத்தில் கிடையாது, அந்தச் சட்டத்துக்கு மெக்காலே எழுதிய வரைவில் இருந்தது, பிறகு எப்படியோ விடுபட்டுப்போய் 1870இல்தான் சேர்ந்தது, 1898இல் திரும்ப எழுதப்பட்டது. ஆகவே 1897இல் திலகருக்குத் தண்டனை கொடுத்தபோது இருந்த 124ஏ ஒன்று, வ.உ.சி.க்கு வந்த 124ஏ வேறொன்று. இரண்டு பேர் மேலும் ஒரே பிரிவில் வழக்கு என்று எழுதிவிட்டுப் போகலாம், தப்பில்லை, ஆனால் இருவரும் எதிர்கொண்ட வாசகம் ஒன்றல்ல.

இந்த அடிக்குறிப்புகளை வைத்துப் பழைய வாசகத்தைத் திரும்பக் கட்டலாம்தான். அதற்குப் பழக்கம் வேண்டும். சதுர அடைப்புக்குள் ஒரு சொல், தலையில் சின்ன எண் என்றால் அது பின்னால் நுழைந்தது. வரிக்கு நடுவில் மூன்று நட்சத்திரம் என்றால் அங்கே இருந்ததை எடுத்துவிட்டார்கள். எடுத்தது என்ன என்று சில அடிக்குறிப்புகள் முழுக்கச் சொல்லும், சில 'சில சொற்கள் நீக்கப்பட்டன' என்று மட்டும் சொல்லிவிட்டு எந்தச் சட்டம் நீக்கியது என்று எண்ணைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளும். அந்த எண்ணைத் தேடிப் போனால் அந்தத் திருத்தச் சட்டம் தனியாகப் படித்தால் ஒன்றுமே புரியாத ஒரு காகிதமாக இருக்கும்: இன்ன பிரிவில் இன்ன சொல்லுக்குப் பதில் இன்ன சொல், அவ்வளவுதான். சட்டமன்றங்கள் பெரும்பாலும் இப்படித்தான் சட்டத்தை மாற்றுகின்றன, முழுச் சட்டத்தையும் புதிதாக எழுதி நிறைவேற்றுவது அபூர்வம். திருத்தங்களை மூலத்தில் பொருத்தி ஒரு முழு வாசகமாக்குவது யாரோ ஒரு பதிப்பாசிரியர் செய்கிற வேலை. அவர் ஒரு திருத்தத்தை விட்டுவிட்டால் அந்தப் புத்தகத்தை நம்புகிறவர்கள் எல்லோருக்கும் அது விட்டுப்போகிறது.

உலகத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் இரண்டு வழியில் போயிருக்கிறார்கள். ஒன்று, இருப்பதில் வேண்டியதை மட்டும் சாறு பிழிந்து வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது. ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் செய்தது அது. பழைய சட்ட அறிஞர்களின் எழுத்திலிருந்து எடுத்துத் தொகுத்த 'டைஜஸ்ட்' 533இல் வந்தது, இனி மூல நூல்களைக் கோர்ட்டில் காட்டக்கூடாது என்று உத்தரவும் கூடவே வந்தது. விளைவு, அந்த மூல நூல்களில் பெரும்பகுதி உலகத்தை விட்டே போய்விட்டது. அவருடைய சொந்த வேலைக்கும் அதே கதிதான்: 529இல் வெளியிட்ட முதல் சட்டத்தொகுப்பை 534இல் புதிய பதிப்பு தள்ளிவிட்டது, முதல் பதிப்பில் இன்று மிஞ்சியது எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் துண்டு ஒன்றில் இருக்கும் அட்டவணையின் ஒரு பகுதி.

இன்னொரு வழி ரஷ்யாவில் ஸ்பெரான்ஸ்கி போனது. ஜார் முதலாம் நிக்கோலஸ் அவரிடம் வேலையை ஒப்படைத்தபோது அவர் முதலில் செய்தது 1649 முதல் 1825 டிசம்பர் வரை வந்த சட்டங்கள், ஆணைகள், செல்லுபடியானது செல்லாதது எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கியது. 30,000க்கும் அதிகமான ஆவணங்கள், 45 தொகுதிகள், 1830இல் அச்சானது. அதிலிருந்துதான் அமலில் இருப்பதை மட்டும் பிரித்து 15 தொகுதியாக 1832இல் தனியாக வெளியிட்டார். எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் வடிகட்டல். ஜாரின் எதேச்சாதிகாரத்துக்குச் செய்த வேலைதான், ஆனாலும் வரிசை சரி. எது அமலில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க ஒரு இடம் இருந்தது.

இங்கிலாந்தில் அரசே மெனக்கெட்டு 1810 முதல் பெரிய பெரிய தொகுதிகளாக மக்னா கார்ட்டாவில் தொடங்கி ஆன் மகாராணி காலம் வரைக்குமான சட்டங்களைப் போட்டது. அதற்கு முன்னால் தனியார் அச்சகங்கள் போட்ட புத்தகங்களைத்தான் வக்கீல்களும் நீதிபதிகளும் நம்பினார்கள், ஒன்றுக்கொன்று வாசகம் வேறுபடும். ஆதிச் சாசனங்களைத் தேடி ஆட்கள் கதீட்ரல் கதீட்ரலாகப் போனார்கள்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் காலனியின் பழைய சட்டங்களில் பல அச்சேறாமல் கையெழுத்துப் பிரதியாகவே இருந்தன, அதையும் வரிசையாக யாரும் பாதுகாக்கவில்லை. தாமஸ் ஜெஃபர்சன் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். சில தாள்கள் பிரித்தாலே பொடியாகிவிடும் நிலையில் இருந்ததால் காற்றும் ஈரமும் படாமல் எண்ணெய்த் துணியில் சுற்றித் தைத்து வைத்திருப்பதாக 1796இல் தன் ஆசிரியர் ஜார்ஜ் வைத்துக்கு எழுதினார். பூட்டி வைத்துப் பாதுகாப்பதை விட நிறையப் பிரதிகள் அச்சடித்துப் பரப்புவதுதான் காப்பாற்றும் வழி என்பது அவருடைய கட்சி. கடைசியில் வில்லியம் ஹெனிங் என்பவர் 1809இல் தொடங்கி 13 தொகுதிகளாக, 1619 முதல் 1792 வரையிலான வர்ஜீனியாச் சட்டங்களை வெளியிட்டபோது ஜெஃபர்சன் சேர்த்த பிரதிகள்தான் பெரிய ஆதாரம்.

நம் பக்கத்தில் இதற்கெல்லாம் முன்னால் ஒரு சாட்சி கல்லில் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலை பற்றிய இரண்டு கல்வெட்டுகள், முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகள், அதாவது 919, 921 வாக்கில். எல்லோரும் அங்கே போய் ஜனநாயகம் பற்றிப் பேசிவிட்டு வருகிறோம். எனக்கு அதில் முக்கியம் இரண்டாவது கல்வெட்டு முதலாவதன் திருத்தம் என்பது. வாரிய உறுப்பினராக நிற்பவரின் வயது முதலாவதில் 30க்கு மேல் 60க்குள், இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். வேறு விதிகளும் மாறியிருக்கின்றன. புதியது வந்ததும் பழையதைக் கொத்தி எடுக்காமல் இரண்டையும் விட்டு வைத்தார்கள், ஆட்சியாண்டு போட்டு. அதனால்தான் ஆயிரம் வருஷம் கழித்தும் இரண்டு வருஷத்துக்குள் விதி எப்படி மாறியது என்று நம்மால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிகிறது.

யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் செய்தது வேறு மாதிரி. அங்கே எழுத்தில் இல்லாத வழக்கங்களை கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் தொகுத்தார், அதைத் தமிழில் பெயர்த்து 12 முதலியார்களிடம் கொடுத்துச் சரிதானா என்று கேட்டார்கள். அதுதான் தேசவழமை, பிறகு ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். பேச்சில் இருந்ததை எழுத்தாக்கும்போது அது அந்த வருஷத்தில் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துவிடும், அந்தச் சங்கடம் அதில் உண்டு, ஆனால் இன்றைக்கும் அதை எடுத்துப் படிக்க முடிகிறது.

சரி, மெட்ராஸுக்கு வருவோம். கம்பெனி காலத்தில் கோட்டையிலிருந்து வந்த சட்டங்களுக்கு ரெகுலேஷன் என்று பெயர். 1802ஆம் ஆண்டின் முதல் ரெகுலேஷனே, இனி வரும் ரெகுலேஷன்களை எல்லாம் ஒழுங்கான ஒரு தொகுப்பாக ஆக்க வேண்டும் என்பது பற்றியதுதான். ஜமீன்தாரி நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தது அதே ஆண்டின் 25ஆம் ரெகுலேஷன். 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் மெட்ராஸின் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பிடுங்கி கல்கத்தாவில் கொடுத்தது, 1861இல் திரும்பக் கிடைத்தது. ஆக 1802 முதல் 1834 வரை ரெகுலேஷன்கள், அதற்குப் பிறகு கல்கத்தாவில் போட்ட ஆக்ட்டுகள், 1862 முதல் மெட்ராஸ் ஆக்ட்டுகளும் சேர்த்து என மூன்று அடுக்கு. 1847 கடைசியில் என்னவெல்லாம் அமலில் இருந்தது என்று ரிச்சர்ட் கிளார்க் என்பவர் தொகுத்து லண்டனில் 1848இல் வெளியிட்டார். அப்புறம் அரசே 'மெட்ராஸ் கோட்' என்று சில பதிப்புகள் போட்டது. அவை எல்லாமே போட்ட தேதியில் அமலில் இருந்ததைச் சொல்பவை. இரண்டு பதிப்புக்கு நடுவில் வந்து, நடுவிலேயே போய்விட்ட சட்டம் எதிலும் அகப்படாது.

அதற்கு மேல் எல்லைப் பிரச்சினை. 1953இல் ஆந்திரம் பிரிந்தது, 1956இல் மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடம் மைசூருக்கும் போயின, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இங்கே வந்தன, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வந்தது. ஊர் மாறினாலும் அங்கே இருந்த சட்டம் உடனே மாறாது. மெட்ராஸ் சட்டங்கள் நெல்லூரிலும் கோழிக்கோட்டிலும் மங்களூரிலும் தொடர்ந்து உயிரோடு இருந்தன, அங்கங்கே அந்தந்த மாநிலம் தன் இஷ்டத்துக்குத் திருத்திக்கொண்டது. கன்னியாகுமரியில் திருவிதாங்கூர் சட்டங்கள் இருந்தன, அவற்றை எடுத்துவிட்டு மெட்ராஸ் சட்டங்களைக் கொண்டுபோகத் தனிச் சட்டங்கள் போட வேண்டியிருந்தது. ஆகவே ஒரு மெட்ராஸ் ஆக்ட்டின் வரலாற்றை எழுதுகிறவர் ஒரு மரத்தின் நான்கு கிளைகளைத் தொடர வேண்டும். நாகர்கோவில் நிலத்துக்கு 1950இல் என்ன சட்டம் என்று கேட்டால் பதில் சென்னையில் அச்சான எந்தத் தொகுதியிலும் இருக்காது, திருவனந்தபுரம் பக்கம் போக வேண்டும்.

பெயர் மாற்றமும் சேர்ந்துகொண்டது. 1969 ஜனவரி 14 முதல் மாநிலம் தமிழ்நாடு. அந்தப் பெயரை வாங்க நடந்த போராட்டத்தின் அருமை எனக்குத் தெரியும், அதில் இரண்டாவது பேச்சு கிடையாது. சட்டப் புத்தகங்களில் என்ன ஆனது என்றால், பழைய சட்டங்களில் மெட்ராஸ் என்று இருந்த இடத்தையெல்லாம் தமிழ்நாடு என்று மாற்றி ஒரு தழுவல் ஆணை வந்தது. '1969ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டங்கள் தழுவல் ஆணையின்படி மெட்ராஸ் என்ற சொல்லுக்குப் பதிலாக இடப்பட்டது' என்கிற அடிக்குறிப்பை மாநிலச் சட்டப் புத்தகம் எதைப் பிரித்தாலும் பார்க்கலாம், அநேகமாக முதல் பக்கத்திலேயே. இப்போது 1921ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அடிமனை வாடகைக்காரர்களுக்காக வந்தது. அதன் எண் 1922இன் 3. பழைய தீர்ப்புத் தொகுதிகளில் அது மெட்ராஸ் ஆக்ட் என்றுதான் இருக்கும், கணினியில் தமிழ்நாடு என்று தட்டினால் அந்தத் தீர்ப்புகள் வராது. 1888ஆம் ஆண்டின் 3ஆம் எண் போலீஸ் சட்டம் முதலில் மெட்ராஸ் பெயரில் இருந்தது, பிறகு சென்னை என்றும் அப்புறம் தமிழ்நாடு என்றும் ஆகிவிட்டது. ஆண்டும் எண்ணும்தான் மாறாமல் நிற்பவை. தொகுப்பாளர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டைக்கூடக் கவனமாகப் பார்க்க வேண்டும். முதலில் சொன்ன மகள்களின் பங்குச் சட்டத்துக்குப் பெயரில் 1989, எண் 1990இன் 1, அமல் 1989 மார்ச் 25. நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் பெயரில் 1998, எண் 1999இன் 9, நடுவில் நிறுத்தி வைத்து, 2023இல்தான் மறுபடி அமலுக்கு வந்து 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்துக்கு விடை கொடுத்தது. நிறைவேறிய தேதி, ஒப்புதல் தேதி, அரசிதழ் தேதி, அமல் தேதி என்று நான்கையும் எழுதாத தொகுப்பு பாதி வேலைதான் செய்திருக்கிறது.

இதையெல்லாம் யார் வெளியிடுகிறார்கள்? கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் தனியார் பதிப்பு. அதிலும் ஒரு சட்டச் சிக்கல் உண்டு, பலருக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், அரசிதழில் வந்த மற்ற விஷயங்களை யாரும் மறுபதிப்பு செய்யலாம் என்கிறது, ஆனால் சட்டமன்றச் சட்டத்தை மட்டும் விளக்கவுரையோ வேறு சொந்தச் சரக்கோ சேர்த்துத்தான் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. மக்கள் கீழ்ப்படிய வேண்டிய வாசகத்தை மக்கள் அப்படியே அச்சிடத் தடை இருப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. அரசு மலிவாகவும் சுத்தமாகவும் தானே போட்டிருந்தால் இந்த நிபந்தனையைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். தனியார் பதிப்பாளருக்கு விற்பது இன்றைய சட்டம், பழையதை அவர் ஏன் போடப் போகிறார்? அதனால்தான் தம்புச் செட்டித் தெரு பக்கம் அலுவலகம் வைத்திருக்கிற பெரிய வக்கீல்கள் பழைய பதிப்புகளைப் பேப்பர்காரரிடம் போட விடமாட்டார்கள். தேவைப்படும்போது எங்கேயும் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

வெளியிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் 1935இல் ஒரு பாடம் கிடைத்தது. பெட்ரோலியம் சம்பந்தமான ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்த பிறகுதான், குற்றம் சாட்ட ஆதாரமாக வைத்திருந்த விதியே முந்தைய ஒரு திருத்தத்தில் தவறுதலாக விடுபட்டுப் போயிருந்தது தெரிந்தது. அரசு தரப்புக்கே தெரிந்திருக்கவில்லை, ஏனென்றால் அந்த ஆணைகளை வரிசையாக வெளியிடும் ஏற்பாடே இல்லை. அதே வருஷம் அவற்றை வெளியிடத் தனியாக ஒரு அரசிதழ் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், 1936இல் அது வரத் தொடங்கியது.

இங்கே இப்போது 'இந்தியா கோட்' தளம் இருக்கிறது, மத்தியச் சட்டங்களும் மாநிலச் சட்டங்களும் அதில் கிடைக்கின்றன, நல்ல விஷயம். மத்திய அரசிதழ் 2015 அக்டோபரிலிருந்து மின்வடிவில்தான். ஆனால் தளத்தில் திருத்தம் ஏறினால் முந்தைய வாசகம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அச்சுப் புத்தகத்திலாவது பழைய பதிப்பு அலமாரியில் மிஞ்சும், இதில் அந்த வாய்ப்பும் இல்லை. பிரிட்டிஷ் அரசின் சட்டத் தளத்தில் 1991 பிப்ரவரி 1 தொடங்கி ஒரு தேதியைக் கொடுத்தால் அன்றைய வாசகத்தைக் காட்டும் வசதி பல சட்டங்களுக்கு இருக்கிறது. தொழில்நுட்பம் பெரிய விஷயமில்லை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறந்த தேதி போன தேதி குறிக்கிற பொறுமைதான் வேண்டும்.

பழைய சட்டங்களை ஒழிப்பது பற்றிய உற்சாகமும் இருக்கிறது. 2014இல் ராமானுஜம் குழு அப்போதிருந்த 2,781 மத்தியச் சட்டங்களில் 1,741ஐ ரத்து செய்யலாம் என்றது, அதன்பின் நிறையப் போய்விட்டன. உபயோகமில்லாததை ரத்து செய்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அப்படிப் போனதில் பெரும்பகுதி திருத்தச் சட்டங்கள். மூலச் சட்டத்தில் திருத்தம் ஏறிவிட்டது, இனி தனியாக எதற்கு என்கிறார்கள். எந்தச் சொல் எந்தத் தேதியில் உள்ளே வந்தது என்பதற்கு அந்தத் திருத்தச் சட்டம்தானே அத்தாட்சி. பட்டியலிலிருந்து எடுங்கள், படிக்கக் கிடைக்கும் இடத்திலிருந்து எடுக்காதீர்கள்.

தமிழ் வாசகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. மத்தியச் சட்டங்களின் தமிழ் வடிவத்துக்கு அதிகாரபூர்வ மதிப்பு கொடுக்க 1973இல் ஒரு மத்தியச் சட்டமும் வந்தது. அந்தத் தமிழ்ப் பதிப்புகள் மூலத்தில் திருத்தம் வரும்போதெல்லாம் கூடவே ஓடுவதில்லை, ஒருவர் கையில் இருக்கும் தமிழ்ப் புத்தகம் எந்த வருஷத்து வாசகம் என்று பார்க்காமல் நம்பக்கூடாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சானவற்றை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றினால் துதிக்கை போட்ட பழைய ணை, லை, னை எல்லாம் கணினிக்குக் குழம்பும். ஆள் உட்கார்ந்து சரிபார்த்தே ஆக வேண்டும்.

அரசு ஒரே நாளில் எல்லாம் செய்ய வேண்டாம். முதலில் 1802 முதல் இன்று வரையிலான சட்டங்களின் கால வரிசைப் பட்டியல், ஆண்டு, எண், பெயர்கள், அந்த நான்கு தேதிகள், எதைத் திருத்தியது, எது ரத்து செய்தது. அடுத்து ஒவ்வொன்றும் நிறைவேறிய நாளில் இருந்த வாசகத்தின் ஸ்கேன். மக்கள் வாழ்க்கையில் அதிகம் புரளுகிற நிலம், வாடகை, கோயில், வாரிசுரிமைச் சட்டங்களுக்கு மட்டுமாவது தேதிவாரியான வாசகம். வாரிசுரிமைச் சட்டம் மத்திய அரசினுடையது என்றாலும் தமிழ்நாட்டுத் திருத்தம் நம்முடையதுதானே.

அதுவரை தேடுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சட்டத்தின் பெயரை விட்டுவிட்டு ஆண்டையும் எண்ணையும் பிடியுங்கள். இப்போதைய பதிப்பில் உங்கள் பிரிவின் அடிக்குறிப்புகளைப் படித்து, உங்கள் தேதிக்குப் பின்னால் வந்த திருத்தங்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தச் சட்டங்களை அரசிதழில் தேடுங்கள், பழைய கோட்டை கெஜட் தொகுதிகளுக்கு எழும்பூரில் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன, ஸ்கேன் ஆனவை சில இன்டர்நெட் ஆர்க்கைவிலும் கிடைக்கும். திருத்தங்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போனால் உங்கள் தேதியின் வாசகம் வந்துவிடும். வந்ததை அந்தக் காலத்துத் தீர்ப்பு ஒன்றில் நீதிபதி அந்தப் பிரிவை எடுத்து எழுதியிருக்கிறாரா என்று பார்த்து ஒத்துப் பாருங்கள். இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் மெட்ராஸ் வரிசை 1876இலிருந்தும் மெட்ராஸ் லா ஜர்னல் 1891இலிருந்தும் வருகின்றன, அவற்றில் பிரிவுகளை முழுசாக எடுத்து எழுதிய தீர்ப்புகள் ஏராளம்.